மலைப்பாதையில் விபத்தும் பழுதும்: சாரதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் பல வருடங்கள் வேன் ஓட்டிய பிறகு, இப்போது சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வருகிறவர்களுக்கு வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பரீட்சையைப் பற்றிக் கேட்பவர்களை விட, "வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, மாஸ்டர்?" என்று கேட்பவர்களே அதிகம். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. இங்கே வண்டி நின்ற இடத்துக்கு மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வளைவும் இருக்கும். நம்மைப் பார்க்காமலே அந்த வளைவில் யாரோ வந்துகொண்டிருப்பார்கள். பெரும்பாலான பதில்கள் அந்த ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

எந்த நம்பருக்கு எடுக்கணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

யாருக்காவது காயம் என்றால் முதலில் 1990. இது சுவசெரிய எனப்படும் இலவச அம்புலன்ஸ் சேவை. 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. பொலிஸுக்கு 119, தீயணைப்புக்கும் மீட்புக்கும் 110, மண்சரிவு, வெள்ளம் போன்றவற்றுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபையின் 1987.

இவற்றோடு உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் இலக்கத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, சாரதி ஆசனத்துக்கு மேலேயுள்ள வெயில் மறைப்பில் செருகி வையுங்கள். விபத்தில் முதலில் காணாமல் போவது கைத்தொலைபேசிதான்.

இடத்தை எப்படிச் சொல்றது? சுத்தி வர தேயிலை மட்டும்தானே இருக்கு.

கடைசியாகக் கடந்த நகரம், அடுத்து வரவிருந்த நகரம், அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லின் எண், தோட்டத்தின் பெயர், தோட்டத்துக்குள் எந்த டிவிஷன் (பிரிவு), பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை, கோயில் அல்லது பாலம் ஏதாவது இருந்தால் அது. இந்த வரிசையில் சொன்னால் போதும். நம் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) எல்லோரும் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்று, பெயர்ப்பலகையில் இருக்கும் ஆங்கிலப் பெயர் இன்னொன்று. வெளியூரிலிருந்து வரும் அம்புலன்ஸ் சாரதிக்குப் பலகையில் உள்ள பெயர்தான் தெரியும். தேடி ஓடி வரும் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழ்ப் பெயர்தான் விளங்கும். இரண்டையும் சொல்லுங்கள்.

சிக்னல் இல்லாவிட்டால் மேல் வளைவுக்கோ எதிர்ப்பக்கம் திறந்திருக்கும் முனைக்கோ ஒருவரை அனுப்புங்கள். அங்கேயும் கிடைக்கவில்லை என்றால், அந்த வழியாகப் போகும் பஸ்ஸின் நடத்துநரிடம் விபரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்ன செய்தி அடுத்த சந்திக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிடும்.

வண்டி நடுவழியில நின்னுபோச்சு. எச்சரிக்கை முக்கோணம் இல்ல. எதை வைக்கிறது?

பச்சை இலையோடு ஒரு கிளையை ஒடித்து வீதியில் போடுங்கள். இலங்கையில் எந்தச் சாரதிக்கும் அதன் பொருள் தெரியும். ஆனால் எங்கே போடுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வண்டிக்குப் பின்னால் பத்து அடியில் போட்ட கிளையால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் வளைவைத் திரும்பி அதைப் பார்க்கும்போது மோதுவதற்கு மட்டுமே இடம் இருக்கும். வளைவுக்கு அப்பால், வருகிறவர் திரும்புவதற்கு முன்பே பார்க்கும்படி போட வேண்டும். இரு பக்கமும் போட வேண்டும். மேலிருந்து இறங்கி வரும் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும் என்பதால் மேல் பக்கக் கிளை இன்னும் தள்ளியிருக்க வேண்டும். ஆள் இருந்தால் அங்கே ஒருவரை நிறுத்துங்கள்.

அடுத்து, சில்லுகள் உருளாமல் தடுக்க அண்டைக்கல். வண்டி எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கத்தில், குறைந்தது இரண்டு சில்லுகளுக்கு. பயணிகளை இறக்கி, வீதியை விட்டு விலகி, வண்டியை விட உயரமான பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். மேலிருந்து யாராவது வந்து மோதினால் வண்டி கீழ் நோக்கித்தான் தள்ளப்படும். பள்ளத்து விளிம்பில் யாரும் நிற்கக் கூடாது. அங்கே புல்லுக்கு அடியில் மண் இருக்கிறதா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

புறப்படும்போது கல்லையும் கிளையையும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். வீதி நடுவே யாரோ விட்டுப்போன அண்டைக்கல்லில் ஏறி விழும் மோட்டார் சைக்கிள்காரர், உங்கள் பழுதினால் அடிபட்டவர்தான்.

ஏத்தத்துல டயர் போயிருச்சு. அங்கேயே மாத்தலாமா?

முடிந்தவரை மாற்றாதீர்கள். அடுத்த சமதரை வரை நடை வேகத்தில் ஓட்டிச் செல்லுங்கள். டயர் கிழியலாம், றிம் வளையலாம். இரண்டையும் காசு கொடுத்து வாங்கலாம்.

வேறு வழியே இல்லை என்றால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களிலும் வேன்களிலும் கை பிரேக் பிடிப்பது பின்சில்லுகளை மட்டுமே. பின்சில்லு ஒன்றை ஜாக்கில் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடித்திருப்பது மற்றப் பின்சில்லு ஒன்றுதான். ஓட்டோ கியரில் நிறுத்திவைக்கும் 'P' நிலையும் இயந்திரத்தால் சுழலும் சில்லுகளை மட்டுமே பூட்டும். ஆகவே முந்தைய பதிலில் சொன்ன அண்டைக்கல்லை, தூக்காத சில்லுகள் எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டும். நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே தளர்த்துங்கள். மாற்று டயரை வண்டிக்கு அடியில் சாய்த்துப் போட்டு வைத்தால், ஜாக் சரிந்தாலும் வண்டி அதன் மேல் நிற்கும். எக்காரணம் கொண்டும் உடலை வண்டிக்கு அடியில் நுழைக்க வேண்டாம்.

இஞ்சின் கொதிச்சு ஆவி வருது. பக்கத்துல பீலி இருக்கு. தண்ணி ஊத்தலாமா?

பீலி (மலை ஊற்றுநீர் விழும் குழாய்) அங்கேயே இருக்கும், அவசரப்படாதீர்கள். ஏற்றத்தில் வெப்பமுள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை நிறுத்தி, உள்ளே சூடு தரும் ஹீட்டரை முழுமையாகத் திறந்து வையுங்கள். வியர்த்தாலும் இஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி வெளியே போகும். ஆவி வந்துவிட்டால் ஓரங்கட்டி, இஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். கொதிக்கும் இஞ்சின் மீது பீலித் தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிப்பு விடலாம். ஆறிய பிறகு, துணியை மூடியின் மேல் போட்டு, முதலில் கால்வாசி திருகி அழுத்தத்தை விட்டு, பிறகு திறந்து மெதுவாக ஊற்றுங்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. மூடியின் றப்பர் தேய்ந்த வண்டி கொழும்பில் ஒழுங்காக ஓடி, இறம்பொடை ஏற்றத்தில் மட்டும் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்கத்துல பிரேக் புடிக்கலன்னா மொத வேலை என்ன?

முதலில் அது ஏன் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், உராய்வின் சூட்டில் பிரேக் கட்டைகள் பிடிமானத்தை இழக்கும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் எண்ணெய் கொதித்து குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் மிதி வெறுமனே கீழே போகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். வருடம் முழுவதும் பனியும் மழையும் உள்ள நமது ஊரில் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றச் சொல்வது கராஜ்காரரின் வியாபாரத் தந்திரம் அல்ல.

இனி, செய்ய வேண்டியது. மிதியை விட்டு விட்டு வேகமாகப் பல தடவை மிதியுங்கள்; எண்ணெய்ப் பிரேக்கில் சில சமயம் அழுத்தம் திரும்பக் கிடைக்கும். அதே நேரத்தில் கியரை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லுகள் இறுகி வண்டி சுழன்றுவிடும். ஹோனை விடாமல் அடியுங்கள், விளக்குகளைப் போடுங்கள். இஞ்சினை மட்டும் நிறுத்தாதீர்கள்: நிறுத்தினால் கியரின் பிடி, ஸ்டியரிங்கின் இலகு, பிரேக்கின் மிச்ச சக்தி எல்லாம் போகும், சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் நிற்காவிட்டால் மலைப்பக்கம். வீதியோர வடிகாணோ, மண்மேடோ, தேயிலைச் செடிகளோ, வண்டியின் பக்கவாட்டை அதில் உரசவிட்டு வேகத்தைக் குறையுங்கள். மலைப்பக்கம் உங்கள் வலது கையில் இருந்தால் எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்தே கடக்க வேண்டும்.

ஆனால் பிரேக் சொல்லாமல் போவது அரிது. ஒரு முறை பயணிகள் நிறைந்த வேனோடு இறம்பொடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பின் ஆசனத்தில் இருந்த ஒரு அம்மா, "தம்பி, எங்கயோ கம்பளி கருகுற மாதிரி வாடை வருது" என்றார். வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு வளைவு வந்தேன். மூன்றாவது வளைவில் மிதி வழக்கத்தை விட இரண்டு அங்குலம் கீழே போயிற்று. ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தி இறங்கிப் பார்த்தால் முன்சில்லுக்குப் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. கடைக்காரப் பையன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். வேண்டாம் என்று தடுத்தேன், ஏனென்றால் சூடேறிய பிரேக் தட்டில் தண்ணீர் பட்டால் அது கோணிவிடும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். கம்பளி கருகும் வாடை, மிதி மென்மையாவது, சில்லிலிருந்து மெல்லிய புகை, இவற்றில் ஒன்று வந்தாலே நிறுத்திவிட வேண்டும்.

ஓட்டோ கியர் வண்டியில கியரை எப்படிக் குறைக்கிறது?

கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் 'எல்', '2', 'எஸ்' அல்லது கூட்டல், கழித்தல் குறி இருக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அதற்கு மாற்றுங்கள். ஹைபிரிட் கார்கள் பலவற்றில் 'B' என்று ஒரு நிலை இருக்கும், அது இஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடிப்பதற்கானது. ஹைபிரிட் வண்டி இறக்கத்தில் தானாகவே பிடித்து பெற்றரியை நிரப்புகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், பெற்றரி நிரம்பும் வரை. நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே அது நிரம்பிவிடும், அதன் பிறகு முழுச் சுமையும் சாதாரண பிரேக்கின் மேல்தான் விழும். மலையில் 'B' நிலை எதற்கென்று தெரியாமல் வாடகைக்குக் கார் எடுத்து வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயம்.

பஸ், லொறிக்கும் அதே மாதிரி பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கலாமா?

கூடாது. கனரக வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது காற்றுப் பிரேக். ஒவ்வொரு மிதிக்கும் தாங்கியிலுள்ள காற்றில் ஒரு பங்கு செலவாகும். விட்டு விட்டு மிதித்தால் கம்பிரஷர் நிரப்புவதை விட வேகமாகக் காற்று தீரும். உறுதியாக ஒரு முறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், மற்றதைக் கியரும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் பார்த்துக்கொள்ளட்டும். காற்று குறைவதாக எச்சரிக்கை ஒலி கேட்டால் அடுத்த ஊர் வரை பார்ப்போம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

குறுக்கு வழிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்கள் வந்த பஸ் ஒன்று, வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். சில கிலோமீற்றர் மிச்சமாகும் செங்குத்து இறக்கத்தில் நிறை வண்டியை இறக்குவதா என்பதை மேலே இருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். பாதியில் மனம் மாற இடமில்லை.

பனிமூட்டத்துல வண்டி நின்னா?

முக்கோணம் பற்றிச் சொன்னதே. தூரத்தை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாகப் போடுவது நின்ற வண்டிக்குத்தான், ஓடும் வண்டிக்கு அல்ல. ஓடும்போது போட்டால் நீங்கள் திரும்பப் போகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. பெரிய விளக்கு பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும், தாழ்ந்த விளக்கே போதும்.

ரோட்டுல கொஞ்சம் மண் சரிஞ்சு கிடக்கு. மத்த வண்டியெல்லாம் போகுதே, நாமளும் போகலாமா?

மற்ற வண்டிகள் போனதால் மண் உறுதியாகிவிடவில்லை. முதல் சரிவு சிறியதாக இருந்தாலும், அதற்குப் பின்னால் பெரியது வரலாம். நிறுத்தி மேட்டைப் பாருங்கள். சிறு கற்கள் இன்னும் உருண்டுகொண்டிருந்தால், மரமோ கம்பமோ சாய்ந்திருந்தால், மேட்டில் புதிதாக வெடிப்பு தெரிந்தால், தெளிந்து ஓடிய பீலி திடீரெனக் கலங்கினால் அல்லது நின்றுவிட்டால், அங்கே ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். ஒடுங்கிய வீதியில் திருப்ப முயன்று குறுக்கே சிக்கிக்கொள்வதை விட, ஒருவரைப் பின்னால் நிறுத்தி றிவர்ஸில் போவது நல்லது. பிறகு 117க்குச் சொல்லுங்கள், கிளையைப் போடுங்கள்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடும்போது 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்ற அளவுகளைச் சொல்வதுண்டு. அது வீடுகளுக்குத்தானே என்று சாரதிகள் நினைப்பது தவறு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்ணும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நம் வீதிகளை ஆங்காங்கே அறுத்த மண்ணும் மழையில் ஊறிய மலையிலிருந்து வந்தவைதான். உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தால் அன்றைய ஹயரை (வாடகை ஓட்டத்தை) விட்டுவிடுங்கள்.

கரண்ட் கம்பி வண்டி மேல விழுந்தா எறங்கி ஓடிரலாமா?

இறங்காதீர்கள். உள்ளேயே உட்கார்ந்து, கிட்ட வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, 1987க்கு எடுங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு பாதங்களையும் சேர்த்து வெளியே குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறு எட்டுகளாக விலகுங்கள்.

மோதிட்டேன். ட்ரபிக் நிக்குது, எல்லாரும் ஹோன் அடிக்கிறாங்க. வண்டியை ஓரங்கட்டலாமா?

மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி உடனே நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பெயரையும் விலாசத்தையும் கொடுக்க வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். யாருக்காவது காயம் என்றால் பொலிஸ் வந்து அளக்கும் வரை வண்டியை நகர்த்த வேண்டாம். ஹோன் அடிக்கிறவர் அடிக்கட்டும். அந்த இடத்திலேயே நிற்பதால் இன்னொரு விபத்து வரும் நிலை என்றால், நான்கு சில்லுகளும் நின்ற இடத்தைச் சுண்ணாம்பாலோ செங்கல் துண்டாலோ குறித்து, தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் படம் எடுத்துவிட்டு நகர்த்துங்கள். படத்தில் வளைவும், வெள்ளைக் கோடும், சில்லு இழுபட்ட தடமும் தெரிய வேண்டும். நசுங்கிய பம்பரை மட்டும் பத்துப் படம் எடுப்பவர்களே அதிகம். மழை பெய்தால் அரை மணி நேரத்தில் அழிந்துபோகும் தடத்தை யாரும் எடுப்பதில்லை.

அடிபட்டவரை ஆட்டோவில ஏத்திட்டு ஓடிரலாமா? அம்புலன்ஸ் வர நேரமாகுமே.

இதற்கு ஒரே பதில் இல்லை. அவர் மூச்சு விடுகிறார், இரத்தப்போக்கை அடக்க முடிகிறது, இடம் பாதுகாப்பானது என்றால் 1990க்கு எடுத்து, அவர்கள் சொல்வதைச் செய்தபடி காத்திருப்பதே நல்லது. கழுத்தோ முதுகோ முறிந்தவரை முச்சக்கர வண்டியில் மடக்கி உட்கார வைத்தால், நடக்கக்கூடியவராக இருந்தவர் நடக்க முடியாதவராகிவிடக்கூடும். தீ, மண்சரிவு, மேலிருந்து வரும் வண்டிகள் போன்ற ஆபத்து இருந்தாலோ, அம்புலன்ஸ் வரவே முடியாதென்று தெரிந்தாலோ, கழுத்தும் உடலும் ஒரே கோட்டில் இருக்கும்படி நான்கைந்து பேர் சேர்ந்து தூக்கி, படுக்க வைக்கக்கூடிய வேனிலோ லொறியிலோ ஏற்றுங்கள்.

இரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். மயங்கியவரைத் தனியே மல்லாக்கப் படுக்க விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கும். மூச்சு இருக்கும் வரை தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதைத்தான் யாரும் கேட்பதில்லை. எங்கிருந்தோ ஒரு சோடாப் போத்தல் வந்துவிடும். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அந்த ஒரு மிடறுதான் தடையாக நிற்கும்.

பஸ் பள்ளத்துல விழுந்திருச்சு. நாம ஓடிப்போய் எறங்கணுமா?

2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 4 இரவு எல்ல, வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டும் இருட்டில் நடந்தவை. இப்படியான இடத்தில் முதலில் வரும் சாரதியின் வேலை இறங்குவது அல்ல. 1990க்கும் 119க்கும் சொல்வது, இரு பக்கமும் வண்டிகளை நிறுத்துவது, தன் வண்டியை விளிம்புக்கு வராத தூரத்தில் நிறுத்தி முன்விளக்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்புவது.

இறங்குகிறவர்கள் பஸ் விழுந்த தடத்துக்கு நேராக இறங்கக் கூடாது, பக்கவாட்டில் இறங்க வேண்டும். மேலே நிற்கிறவர் தட்டிவிடும் ஒரு கல் கீழே கிடப்பவரைக் கொல்லப் போதும். பெற்றோல் அல்லது டீசல் வாடை இருந்தால் சிகரெட், தீக்குச்சி, கைப்பந்தம் எதுவும் கூடாது. பக்கத்து லயத்தில் சத்தம் கேட்டால் கேட்காமலே ஆட்கள் வந்துவிடுவார்கள். அவர்களிடம் கயிறும், ஏணியும், கம்பளியும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு நீண்ட கம்புகளில் கம்பளியைச் சுற்றினால் தூக்குப்படுக்கை ஆகிவிடும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று நடத்துநரிடமோ, பேசக்கூடிய பயணியிடமோ கேட்டு எண்ணிக்கை வைத்திருங்கள். உருளும்போது வெளியே வீசப்பட்டவர்கள் தேயிலைச் செடிகளுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடப்பார்கள். பஸ்ஸுக்குள் மட்டும் தேடிவிட்டு மேலே ஏறிவிடக் கூடாது.

கூட்டம் அடிக்க வந்தா நிக்கிறதா, ஓடுறதா?

உயிருக்கு ஆபத்து என்று உண்மையாகவே தோன்றினால் விலகுங்கள். ஆனால் நேராக அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கே போக வேண்டும், போகும் வழியிலேயே 119க்கும் 1990க்கும் எடுத்து இடத்தைச் சொல்ல வேண்டும். அழைத்த நேரம் தொலைபேசியில் பதிவாகியிருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலையில் பொலிஸுக்குப் போனவரை, தப்பி ஓடியவர் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள்.

ரெண்டு பேரும் பேசி, காசு குடுத்து முடிச்சுக்கலாமா?

கீறல், உடைந்த விளக்கு என்ற அளவில் இருந்து, யாருக்கும் காயம் இல்லை என்றால் பலர் அப்படித்தான் முடித்துக்கொள்கிறார்கள். அப்போதும் இரு தரப்பின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காயம் என்றால், அது சிறியதாகத் தெரிந்தாலும், பொலிஸுக்குப் போகாமல் முடிக்கக் கூடாது. தலையில் அடிபட்டவர் அன்று சிரித்துப் பேசிவிட்டு மறுநாள் மயங்கி விழுவதுண்டு.

இன்ஷூரன்ஸ் இருக்கு, ஆனா காசு வராதுன்னு சொல்றாங்களே?

என்ன காப்புறுதி என்பதைப் பொறுத்தது. சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது நீங்கள் இடித்தவருக்குக் கொடுக்கும், உங்கள் வண்டிக்குக் கொடுக்காது. முழுக் காப்புறுதி இருந்தால் சம்பவ இடத்திலிருந்தே நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்களின் ஆள் வந்து பார்க்கும் வரை பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள்.

அதிகம் சிக்கலாவது சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் காலத்தில்தான். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் வரை மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஆட்களை ஏற்றுவதற்காக, சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனை ஹயருக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர். விபத்து நடந்து, வேனில் இருந்தவர்கள் காசு கொடுத்து வந்த பயணிகள் என்று தெரிந்தால், நிறுவனம் கோரிக்கையை மறுக்க அதுவே போதும். ஹயர் ஓடுவதானால் ஹயருக்கென்றே காப்புறுதி செய்துகொள்ளுங்கள். வித்தியாசம் ஒரு சீசன் வருமானத்தை விட அதிகம் அல்ல.

பொலிஸ்ல வாக்குமூலத்தைச் சிங்களத்துல எழுதுறாங்க. கையெழுத்துப் போடுறதா?

விளங்காததில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. தமிழ் எழுதத் தெரிந்த அலுவலர் அந்த நேரத்தில் இல்லாவிட்டால், எழுதியதை ஒருவர் தமிழில் வாசித்து விளக்கும் வரை பொறுமையாக, சண்டை போடாமல் காத்திருங்கள். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் வீதியில் மேலே ஏறி வந்தார், யார் கீழே இறங்கி வந்தார் என்ற மூன்றையும் குறிப்பாகக் கேளுங்கள். மலைப்பாதை வழக்குகளில் ஏற்றமும் இறக்கமும் மாறி எழுதப்பட்டால் குற்றமே மாறிவிடும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள், காப்புறுதிக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

பிழை முழுக்க மத்தவன் பேர்ல. ஆனா என் வண்டியோட வருமான வரிப்பத்திரம் போன மாசமே முடிஞ்சுபோச்சு. பொலிஸுக்குப் போகாம இருந்தா நல்லதில்லையா?

இந்தக் கேள்வியை யாரும் எல்லோர் முன்னாலும் கேட்பதில்லை, வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகுதான் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு விடயங்கள். பத்திரம் புதுப்பிக்காததற்குத் தனியாகத் தண்டப்பணம் உண்டு. அதனால் விபத்தின் பிழை உங்கள் மேல் வந்துவிடாது. ஆனால் காயம் ஏற்பட்ட விபத்தை அறிவிக்காமல் மறைத்தால், மற்றவர் பிழையாக இருந்தது உங்கள் பிழையாகிவிடும். அவர் முதலில் பொலிஸுக்குப் போய் தன் கதையைச் சொல்லிவிடுவார்.

குடித்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் அது குற்றம்; மோதியவர் யாராக இருந்தாலும் உங்கள் சொல் எடுபடுவது கடினம். பத்திரத்தைப் பொறுத்தவரை, முடியும் திகதியை, முதல் பதிலில் சொன்ன அந்தத் துண்டுத் தாளிலேயே எழுதி வையுங்கள்.